ஒரே கை, இரண்டு தீர்ப்பு

கேமரன் மலைச் சரிவுகளில் தேயிலை பயிராகத் தொடங்கி நூறாண்டு நெருங்குகிறது. 1929ஆம் ஆண்டு போ தோட்டம் தோன்றியது. காடழித்துச் சரிவுகளைத் தோட்டமாக்கியவர்களுள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். கொழுந்தை நிறுத்துக் கூலி பெறும் வாழ்வில் தராசைவிட நெருக்கமான நடுவர் வேறெவருமிலர். ஈரத்திற்கென எல்லாக் கூடைகளுக்கும் இரண்டு கிலோ கழித்தால் தொழிலாளர் முணுமுணுத்தவாறே பொறுத்துக்கொள்வர். ஒருத்தியின் கூடைக்கு இரண்டும் அடுத்தவள் கூடைக்கு ஐந்தும் கழிக்கப்பட்டால் அன்று மாலை லயத்தில் அடுப்பெரியாது. கழிவின் அளவு சுடுவதைக் காட்டிலும் கழிவின் வேற்றுமையே மிகுதியாகச் சுடுகிறது. திருவள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, அதனுள் துலாக்கோலையும் கொணர்ந்து நிறுத்தியது காரணமின்றியன்று.

விளையாட்டுத் திடலிலும் இதுவே நிலை. தோட்டத்துக் காற்பந்தாட்டத்தில் தோற்ற அணி தன் தோல்விக்காக அழுவதில்லை. முற்பாதியில் ஊதப்படாத ஊதல் பிற்பாதியில் தனக்கெதிராக ஊதப்பட்டதற்கே அழும். இவ்வழுகை சிறுமையா, அறவுணர்வா என்பதே இங்கு எண்ணத்தக்கது.

தேயிலைத் தோட்டத்தோடு தொடர்புடைய ஒரு தமிழரின் வரலாறு இதற்கு நல்லதோர் உரைகல்லாகும். முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திற்கு உழைக்க வந்தவர். பேரனின் முழங்கையோ பிறவியிலேயே முழுமையாக நிமிராதது. 1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் திடலில், ஆஸ்திரேலிய நடுவர் டேரல் ஹேர், முரளி பந்தை வீசாமல் எறிகிறார் என்று கருதி, மூன்று ஓவர்களில் ஏழு முறை நோபால் அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரை மறுமுனைக்கு மாற்றினார். அங்கு நின்ற நியூசிலாந்து நடுவர் ஸ்டீவ் டன் ஒருமுறையும் கையுயர்த்தவில்லை. அதே நாள், அதே திடல், அதே கை. ஒரு முனையில் குற்றம், மறுமுனையில் குற்றமின்மை!

ஹேரை ஒருதலைச் சார்பினர் என்று பழிப்பது எளிது, அது முறையாகாது. அவர் தம் கண் கண்டதைக் கூறினார். டன்னும் அவ்வாறே. இருவரும் நேர்மையாளர் என்றே கொள்வோம். ஆயினும் முரளிக்கு இழைக்கப்பட்டது அநீதிதான். இங்கேதான் சிக்கல் ஆழமாகிறது: அநீதி செய்பவர் எவருமின்றியே அநீதி நிகழ இயலும். தீயவனைத் தேடிப் பிடித்துத் தண்டித்தால் நீதி நிலைபெறும் என்று நம்பிப் பழகிய உள்ளத்திற்கு இஃது ஏற்பதற்கு அரியது. ஒருவருடைய வாழ்வையே தீர்மானிக்கும் அளவை, அளவுகோலேதும் தாராமல் தனித்தனிக் கண்களிடம் ஒப்படைத்த அமைப்பே இங்குப் பொறுப்பேற்க வேண்டும்.

1999 ஜனவரியில் அடிலெய்டில் மற்றொரு நடுவரான ராஸ் எமர்சன் மீண்டும் நோபால் அறிவித்தபோது, ரணதுங்க தம் வீரரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். ஆட்டம் சில நிமிடங்கள் நின்றது. பின்னர் அவருக்கு அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட ஆறு ஆட்டத் தடையும் கிடைத்தன. விதியை மீறியவர் தண்டனை பெறுதல் முறையே. ஆனால் தண்டிப்பவரும் ஒரே கோல் கொண்டு அளக்க வேண்டுமன்றோ? 2001இல் போர்ட் எலிசபெத்தில் மைக் டென்னஸ், சச்சின் டெண்டுல்கர் உள்ளிட்ட ஆறு இந்திய வீரர்களைத் தண்டித்தார். தென்னாப்பிரிக்க வீரர் ஒருவர் மீதும் நடவடிக்கையில்லை. சினம் முற்றி, அடுத்த டெஸ்ட் ஆட்டமே அதிகாரபூர்வத் தகுதியை இழந்தது.

இனி, ஒருமைப்பாடு மட்டுமே நீதியாகிவிடுமா எனும் ஐயம் எழும். 2004ஆம் ஆண்டளவில் நுண்ணிய படப்பிடிப்புக் கருவிகளால் ஆராய்ந்தபோது, முறையாக வீசுவோர் எனக் கருதப்பட்ட பலரும், ஏறக்குறைய எல்லாருமே, முழங்கையைச் சிறிதளவேனும் நிமிர்த்துகின்றனர் எனத் தெரியவந்தது. பழைய விதியை எழுத்துப் பிசகாமல் எல்லார்மீதும் செலுத்தியிருந்தால் வீசுவதற்கு ஆள் கிடைத்திருக்காது! எனவே 2005இல் 15 பாகை வரை எவருக்கும் பொதுவெல்லையாயிற்று. முரளிக்காக விதி வளைக்கப்பட்டது என்று முணுமுணுப்போர் இன்றும் உளர். எல்லாரும் மீறிய விதி ஒருவர்மீது மட்டும் பாய்ந்தது ஏன் என்ற வினாவிற்கு அவர்கள் விடை கூறுவதில்லை. அவருடைய வளைந்த கை கண்ணுக்குத் தெரிந்தது. பிறருடைய நிமிர்வு தெரியவில்லை. வேற்றுமை குற்றத்தில் இல்லை, தோற்றத்தில் இருந்தது. வகுப்பறையில் எப்போதும் ஒரே மாணவனின் பேச்சொலி மட்டும் ஆசிரியர் செவியில் விழுவதும் இவ்வகையினதே.

முரளிதரன் 2010 ஜூலையில் காலித் திடலில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். இப்போது ஐயத்திற்குரிய கைகள் ஆய்வுக்கூடத்தில் பாகை பாகையாக அளக்கப்படுகின்றன. எனினும் இன்னாரை ஆய்வுக்கு அனுப்புக என்று முதலறிக்கை எழுதுபவர் திடலில் நிற்கும் ஆட்ட அதிகாரிகளே. அவர்கள் கண் எவர்மீது படுகிறது, எவரைக் கடந்து செல்கிறது என்பதை அளக்கும் கருவி எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.