இரண்டு கோட்டுக்கு நடுவே

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையில் 11 ஆண்டுகள் டர்னராக இருந்தேன். 36 வயதில் புரோகிராமிங் வேலைக்கு வந்தபோது, "இத்தனை வருசம் வீணாப் போச்சே" என்று சொந்தக்காரர்கள் வருத்தப்பட்டார்கள். அந்தச் சொல் வெகுநாள் உறுத்தியது.

பைத்தான் படிக்கத் தொடங்கிய புதிதில் ஓர் இரவு, 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.3-க்குச் சமமா என்று கேட்டேன். இல்லை என்றது. விடையைப் பார்த்தால் 0.30000000000000004. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளின் கூட்டாக வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதி முடிக்க முடியாததுபோல, பத்தில் ஒரு பங்கை அதனால் எழுதி முடிக்க முடியாது. கூடப் படித்த பையன்களுக்கு எரிச்சல். எனக்கோ பட்டறை மேஸ்திரியின் குரல் கேட்டது.

பட்டறையில் ஒருநாள், பேரிங் உட்காரும் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்றை மைக்ரோமீட்டரில் அச்சாக 25.000 வரும்படி கடைந்து அவரிடம் நீட்டினேன். ஒதுக்கி வைத்துவிட்டார். வரைபடம் கேட்டது 25.002-க்கும் 25.015-க்கும் இடையில். "கண்ணு, அளவுங்கறது ஒரு கோடு இல்ல. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கற எடம்."

பைத்தானின் 3.5 பதிப்பில், 2015-இல், 'இஸ்குளோஸ்' என்றொரு ஃபங்ஷன் சேர்ந்தது. இரண்டு எண்கள் சமமா என்று அது பார்ப்பதில்லை. போதிய அளவு நெருக்கமா என்று பார்க்கிறது. மேஸ்திரி சொன்னதைத்தான் யாரோ நிரலாக எழுதியிருந்தார்கள். டெஸ்ட் எழுதும்போதெல்லாம் ஸ்நாப் கேஜ் ஞாபகம் வரும்: ஒரு வாயில் ஷாஃப்ட் நுழைய வேண்டும், மறுவாயில் நுழையக் கூடாது. நுழையக் கூடாததையும் சோதிக்க வேண்டும் என்பதை எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எல்லாமே என்னோடு வந்துவிடவில்லை. டூல் மழுங்குவதைச் சத்தத்திலேயே அறியும் காதுக்கும், உலோகச் சுருளின் நிறத்தில் சூட்டைப் படிக்கும் கண்ணுக்கும் இங்கே வேலையில்லை. அந்த இழப்பு நிஜம். சில நாள் அது வலிக்கிறது.

அடுத்து சி மொழி படிக்கப் போகிறேன். ஓர் எண் நினைவகத்தின் 64 பிட்டுகளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். பிறகு எண்ணியல் பகுப்பாய்வு. ஒரு கூட்டலில் கண்ணுக்குத் தெரியாத பிழை, லட்சம் கூட்டல்களுக்குப் பின் எவ்வளவாக வளர்ந்து நிற்கும் என்று கணக்கிடத் தெரிய வேண்டும். பட்டறையில் அந்த இரண்டு கோடுகளையும் யாரோ போட்டுக் கொடுத்தார்கள். நான் அவற்றுக்குள் நின்றேன். இப்போது கோடு போடுவது என் கையில் இருக்கிறது.