கையில் ஊசி, காதில் பயான்

வெள்ளாற்றங்கரை லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வீட்டு ஆண்கள் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்திருக்கிறார்கள். லுஹர் தொழுது, சமையற்கட்டை ஒழித்த பின் அஸர் வரை கிடைக்கும் ஓய்வில் தாய்மார்கள் சிலர் பழைய சேலைத் துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கிறார்கள். சிலர் ஒயர் கூடை பின்னுகிறார்கள். பக்கத்தில் கைபேசியில் ஓர் ஆலிமின் பயான் ஓடுகிறது. கையும் நிறைகிறது, காதும் நிறைகிறது, மனமும் மகிழ்கிறது. இது தகுமா? இல்மைக் கேட்கும்போது கை வேறு வேலையில் இருப்பது அதபுக் குறைவல்லவா? இப்படிக் கேட்போர் உண்டு. இக்கேள்வியைச் சற்று நின்று பார்ப்போம்.

முதலாவது, கைத்தொழில் வீண்பொழுதன்று. ஸூரத்து ஸபஃவில் தாவூது நபி (அலை) அவர்களின் செய்தி வருகிறது. மலைகளும் பறவைகளும் அவர்களுடன் சேர்ந்து துதிக்க, அதே இடத்தில் இரும்பும் அவர்களுக்கு மென்மையாக்கப்பட்டது. கவச வளையங்களை அளவோடு கோக்கும்படி கட்டளையும் வந்தது. துதியும் தொழிலும் ஒரே நபியின் வாழ்வில் அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. நம் நாயகம் (ஸல்) அவர்கள் தம் துணியைத் தாமே தைத்து, செருப்பைத் தாமே செப்பனிட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் ஈட்டியதை ஸதகா செய்தார்கள். மனைவியரில் நீண்ட கையுடையவரே தம்மை முதலில் வந்தடைவார் என்று நபிகளார் சொல்லியிருந்ததன் பொருள், ஹிஜ்ரி 20இல் அவர்கள் மறைந்தபோதுதான் மற்ற அன்னையருக்கு விளங்கிற்று. நீளமென்றது எலும்பின் அளவையன்று, கொடையை!

கந்தையைப் போர்வையாக்குவதும் நம் நாட்டுக்குப் புதிதன்று. கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள், அவர்களில் முஸ்லிம்களும் உண்டு, பழந்துணிகளை ஓடு தையலால் இணைத்துப் போர்வை செய்கிறார்கள். வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலையில் பிறந்ததே. வீண்விரயம் கூடாதென்ற மார்க்கத்தின் சொல்லுக்கு இதைவிட எளிய செயல்விளக்கம் வேண்டுமா?

இனி, கேட்பதைப் பற்றி. ஜும்ஆ குத்பாவின்போது தரையிலுள்ள பொடிக்கற்களைத் தொடுபவரும் வீண்செயல் செய்தவராவார் என்று ஹதீஸில் வந்துள்ளது. அப்படியானால் ஊசி மட்டும் ஆகுமா என்று கேட்கலாம். குத்பா, இடமும் நேரமும் குறிக்கப்பட்ட இபாதத். அதன் சட்டம் தனி. வீட்டில் கேட்கும் பயான் போதனை. மேலும், கல்லை உருட்டும் கை மனத்தையும் உடன் இழுத்துச் செல்கிறது. பழகிய தையலோ கையோடு நின்றுவிடும். வெறுங்கையோடு உட்கார்ந்தவருடைய மனம் அடுப்புக்கும் அண்டை வீட்டுக்கும் ஓடுவதுண்டு. ஊசி பிடித்தவருடைய மனம் ஓரிடத்தில் நிலைப்பதும் உண்டு. ஆனால் முடிச்சை எண்ண வேண்டிய புதிய பின்னலென்றால் காது மூடிக்கொள்ளும். மனிதனின் நெஞ்சில் அல்லாஹ் இரண்டு இதயங்களை வைக்கவில்லையே!

குர்ஆன் ஓதுதலின் நிலை வேறு. அது ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாயிருக்கும்படி ஸூரத்துல் அஃராஃபில் கட்டளை இருக்கிறது. இது தொழுகையில் ஓதுவதைக் குறிப்பதென்பார் பலர். தொழுகைக்கு வெளியிலும் கேட்பது கடமை என்று ஹனபி நூல்களில் உண்டு. வேலையில் மூழ்கியிருப்பவர் அருகே ஒருவர் சப்தமிட்டு ஓதினால், கேளாமையின் குற்றம் ஓதியவர் மீதே என்றும் அந்நூல்கள் சொல்கின்றன. பதிவான கிராஅத்துக்கும் அதே சட்டமா என்பதில் பேச்சு உண்டு, அதபில் பேச்சில்லை. வேலைக்குத் துணைச் சப்தமாகக் கிராஅத்தை ஓடவிடாதீர்கள். பயானின் நடுவே ஆயத்து வந்தால் ஊசியைச் சற்று நிறுத்துங்கள்.

உண்மையான ஆபத்து ஊசியில் இல்லை. முடிவில்லாமல் கேட்பதில் இருக்கிறது. ஒரு பயான் முடியுமுன் கைபேசி அடுத்ததைத் தானே எடுத்து நீட்டுகிறது. பேசுபவர் யாரிடம் ஓதினார், எந்த மத்ஹபைச் சொல்கிறார், ஏன் இன்னொரு ஆலிமைச் சாடுகிறார் என்று கேட்க வழியில்லை. உருக்கமான குரல் கண்ணை நனைக்கும். அந்த ஈரத்தையே அமல் என்று நஃப்ஸு கணக்கு எழுதிக்கொள்ளும். உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப்போட்ட பெண்ணைப் போல ஆகாதீர்கள் என்று ஸூரத்துந் நஹ்லில் எச்சரிக்கை வந்தது உடன்படிக்கையை முறிப்போருக்காக. எனினும் காலையில் பொறுமையைப் பற்றிக் கேட்டு, மாலையில் மாமியாரிடமோ மருமகளிடமோ சீறினால் நாமும் நூற்றதைப் பிரித்தவர்களே.

ஆகவே ஓர் அளவுகோல் சொல்வோம். போர்வையை மடித்து வைத்ததும், கேட்டதில் ஒன்றைப் பிள்ளைகளிடம் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அது கேள்வி. முடியாவிட்டால் அது வெறும் ஓசை. சட்டம் பற்றிய செய்தியானால் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியாமல் செயல்படுத்த வேண்டாம்.

ஆண்களுக்கும் ஒரு சொல். கடையில் சரக்கு நிறுத்துக்கொண்டே பயான் கேட்கும் ஆணிடம் யாரும் அதபைப் பற்றிக் கேட்பதில்லை. பெண்ணிடம் மட்டும் கேட்கிறோம். ஸஹாபிப் பெண்கள் தங்களுக்கென ஒரு நாள் ஒதுக்குமாறு வேண்டியபோது நபிகளார் (ஸல்) ஒதுக்கித் தந்து உபதேசித்தார்கள். அங்கே கேள்வி கேட்கவும் இடமிருந்தது. மஹல்லாவில் அத்தகைய ஒரு நாளைப் பெண்களுக்கு ஏற்படுத்தாமல், கைபேசியையும் ஊசியையும் குறை சொல்வது நியாயமாகுமா?

தைத்த போர்வைகளில் ஒன்றையேனும் குளிரில் நடுங்கும் ஒரு முதியவருக்கு நிய்யத்து வையுங்கள். காதில் விழுந்தது கைவழியே அமலாகட்டும். வல்ல ரஹ்மான் நம் செவிகளையும் கைகளையும் பொருந்திக்கொள்வானாக! ஆமீன்.