நிசப்தம் யாருக்குச் சொந்தம்?

விடுமுறை வாய்த்தால் நான்கு நாள் கிராமத்துப் பக்கம் போய்விட்டு வரவேண்டும் என்ற ஆசை, நகரத்திலே ஜீவனம் செய்கிறவர்களுக்கு, அவர்கள் எந்தத் தேசத்தவரானாலும் எந்தப் பாஷை பேசுகிறவரானாலும், மனத்தின் ஒரு மூலையில் இருந்துகொண்டேதான் இருக்கிறது. போய் வந்தவர்களைக் கேட்டால் மலையைப் பற்றியும் ஆற்றைப் பற்றியும் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே நிலவிய அமைதியைப் புகழ்வார்கள். அந்த அமைதி எப்படி உண்டாயிற்று, அதற்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று விசாரிப்பவர்கள் வெகு சிலர். தென் கொரியாவின் உட்பகுதியில் சிநேகிதர்களோடு செய்த ஒரு பிரயாணத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி என் சித்தத்தை விட்டு அகலவில்லை.

அக்டோபர் மாதம் 3 ஆம் தேதி அந்நாட்டில் தேசம் தோன்றிய திருநாள். கிறிஸ்துவுக்கு முன் 2333 இல் தான்குன் என்னும் ஆதிபுருஷர் முதல் ராஜ்யத்தை ஸ்தாபித்தார் என்ற புராண மரபை ஒட்டி அன்று பொது விடுமுறை விடுகிறார்கள். அது திங்கட்கிழமையாக அமைந்துவிட்டால் சனி ஞாயிறோடு சேர்ந்து ஒரு சிறு வசந்தகாலமே கையில் கிடைத்ததுபோல் சோல் நகரத்து ஜனங்கள் மகிழ்ந்துபோகிறார்கள். அந்த மகிழ்ச்சியை அற்பமாக எண்ணுவதற்கில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்ற நியமமே அங்கே 2004 ஆம் ஆண்டு ஜூலையில்தான் படிப்படியாக அமலுக்கு வரத் தொடங்கியது. அதற்கு முந்திய தலைமுறையினர் சனிக்கிழமையும் உழைத்துத்தான் அந்தத் தேசத்தை நிமிர்த்தினார்கள்.

நாங்கள் வட க்யொங்சாங் மாகாணத்தை நோக்கிப் புறப்பட்டோம். எங்களில் ஒருவருடைய பாட்டனார் ஊர் அந்தப் பக்கம். மலைகளுக்கு இடையே சாலை வளைந்து வளைந்து செல்ல, இருபுறமும் நெற்கதிர் முற்றிப் பொன்னிறமாகத் தலைசாய்ந்து நிற்க, வரப்போரம் காஸ்மாஸ் மலர்கள் அசைய, வீட்டுக் கொல்லைகளில் பெர்சிமன் மரங்கள் காய்த்து ஆரஞ்சு நிறம் ஏறத் தொடங்கியிருக்க, இலையுதிர்காலம் தன் ஐசுவரியம் முழுவதையும் எடுத்து வெளியே வைத்திருந்த நேரம் அது. உச்சிக்கிளையில் சில பழங்களைப் பறிக்காமல் மாக்பை பறவைகளுக்கென்று விட்டுவைப்பது அந்நாட்டுக் குடியானவர்களின் வழக்கம் என்று காரை ஓட்டிய சிநேகிதர் சொன்னார். எத்தனை எளிய, எத்தனை பெரிய தர்மம்!

ச்சுசோக் என்னும் அறுவடைத் திருநாள் கழிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சந்திரமானப்படி எட்டாம் மாதத்துப் பௌர்ணமியன்று வரும் இந்தப் பண்டிகைக்கு நகரங்களெல்லாம் காலியாகிக் கிராமங்கள் நிரம்பும். புல் வெட்டிச் சீர்செய்த மூதாதையர் சமாதி மேடுகளின் முன் குடும்பமாக விழுந்து வணங்குவார்கள்; பைன் ஊசியிலைகளைப் பரப்பி அதன்மேல் வேகவைத்த சொங்பியொன் என்னும் பிறைவடிவ அரிசிக் கொழுக்கட்டையைப் பகிர்ந்துண்பார்கள்; அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அத்தனை கார்களும் மறுபடி நெடுஞ்சாலையில் ஊர்ந்து நகரத்துக்குத் திரும்பிவிடும். சமாதியில் புல் வெட்ட ஊரில் வலுவுள்ள ஆள் இல்லாமையால், அந்த வேலையைக் கூலிக்குச் செய்து முடித்துப் புகைப்படம் அனுப்பும் சேவையும் இப்போது ஏற்பட்டிருக்கிறது. பண்டிகையின் ஆரவாரம் அடங்கிய அந்த வெற்றிடத்துக்குள்தான் நாங்கள் நுழைந்தோம்.

முதலில் பார்த்தது அந்தோங் நகரத்தைச் சேர்ந்த ஹாஹ்வே. நாக்தோங் ஆறு மூன்று பக்கமும் சுற்றிவர நடுவே அமைந்த இந்த ஊர் பூங்சான் ரியூ வம்சத்தாரின் பூர்வீக ஸ்தலம். 1592 இல் ஜப்பானியர் படையெடுத்தபோது ராஜ்யத்தைத் தாங்கி நின்ற மந்திரி ரியூ சொங்ரியொங் இவ்வூரார். 2010 இல் யுனெஸ்கோ நிறுவனம் இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஆற்றுக்கு அப்பால் செங்குத்தாக நிற்கும் புயோங்தே பாறைமீதேறிப் பார்த்தால், ஓட்டுக் கூரைகளும் வைக்கோற் கூரைகளும் மரங்களுக்கிடையே ஒதுங்கிக் கிடக்கும் காட்சி, காலம் அங்கே வந்து இளைப்பாறுவதாகவே தோன்றச் செய்கிறது. ஆனால் அந்தக் காட்சியை இன்னும் சற்று உற்று நோக்க வேண்டும். நடுவே கம்பீரமாக நிற்கும் ஓட்டு வீடுகள் பிரபுக்களுடையவை; ஓரத்திலே, நம் கண்ணுக்கு அத்தனை அழகாகத் தெரிகிற வைக்கோற் கூரைகளோ அவர்களை அண்டிப் பிழைத்தவர்களுடையவை. அந்த எளியவர்கள் முகமூடி தரித்துக்கொண்டு பிரபுவையும் துறவியையும் பரிகாசம் செய்து ஆடிய ஆட்டம் இன்றும் அவ்வூரில் நடக்கிறது. தங்கள் சொந்த முகத்தோடு பேச முடியாதிருந்ததை மரமுகத்தை வைத்துப் பேசினார்கள் என்பதை நினைக்கும்போது, பழைய கிராமம் என்றாலே சாந்தி நிலவியது என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு பிசகான எண்ணம் என்று விளங்குகிறது.

ஹாஹ்வேக்கு அண்மையிலுள்ள ப்யொங்சான் என்னும் கல்விச்சாலையைப் பற்றி ஒரு வார்த்தை. நதியையும் எதிர்மலையையும் மறைக்கச் சுவரே இல்லாத மான்தேரு என்னும் நீண்ட மண்டபம் அங்கே இருக்கிறது. 1871 ஆம் ஆண்டில் இத்தகைய கல்விச்சாலைகளையெல்லாம் அரசாங்கம் மூடச் செய்தபோது தேசம் முழுவதிலும் தப்பியவை 47. அவற்றுள் இது ஒன்று. மறுநாள் யொங்ஜு பக்கம் போய், 676 இல் உய்சாங் பிக்ஷு நிறுவிய புசொக்சா கோயிலையும் தரிசித்தோம். நடுப்பகுதி இலேசாகப் பருத்து மேலே ஒடுங்கும் அதன் மரத்தூண்களைத் தொட்டபடி நின்று, சோபேக் மலைத்தொடர் அலைமேல் அலையாக விரிந்து நீலத்தில் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. அந்த மௌனத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் எதுவும் கிடையாது. அது மனிதர் தேடிப்போய், விரும்பி ஏற்கும் மௌனம்.

சிநேகிதரின் பாட்டனார் ஊரில் இருந்த மௌனம் வேறு.

உய்சொங் மாவட்டத்து எல்லையை ஒட்டிய சிற்றூர் அது. பூண்டு விளைச்சலுக்குப் பெயர் பெற்ற உய்சொங்கை, 2018 பனிக்கால ஒலிம்பிக்கில் கர்லிங் ஆட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வாங்கிய பெண்களில் பெரும்பாலோரின் சொந்த ஊர் என்று உலகம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. அந்த மாவட்டத்து ஜனங்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். வீடுகளின் முன் சோயா விழுதும் மிளகாய் விழுதும் நிரப்பி வைக்கும் பெரிய மண்சாடிகள் வரிசையாக இருந்தன. சில வீடுகளில் சாடிகள் கவிழ்ந்து கிடந்தன. பூட்டிய வீடு எது, ஆள் உள்ள வீடு எது என்று அதைக் கொண்டே கண்டுகொள்ளலாம். மூடப்பட்ட ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் மைதானத்தில், மடியில் புத்தகத்தை விரித்து வாசிக்கும் ஒரு சிறுமியின் சிலை இருந்தது. இப்படி மூடப்பட்ட பள்ளிகள் அந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் உள்ளன. சில சித்திரக்கூடங்களாகவும் சில கூடார விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன. இது எதுவாகவும் மாறவில்லை.

சாலையோரத்தில் விரித்த பாயில் சிவப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. முதுகு வளைந்த ஒரு மூதாட்டி குந்தியவாறு அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தார். மேகம் மூட்டம் போட்டிருந்தபடியால் மழை வருமுன் வாரிக் கட்டிவிடலாமே என்று நாங்களும் கைகொடுத்தோம். ஊரின் அமைதியைக் குலைக்கக் கூடாது என்ற மரியாதையினாலே நாங்கள் ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் பேசியதைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு அந்தப் பாட்டி கேட்டார்: “ஏன் பிள்ளைகளா, யாராவது தூங்குகிறார்களா? உரக்கத்தான் பேசுங்களேன். பண்டிகைக்கு வந்த குழந்தைகள் போன பிறகு இந்தத் தெருவில் மனுஷர் குரல் கேட்கவே இல்லை.”

“சரி பாட்டி” என்று சிநேகிதர் சத்தமாகச் சொன்னார். பாட்டி சிரித்தார். மூட்டையைக் கட்டி முடித்ததும் பூண்டு ஒரு கொத்து எடுத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார்.

அன்றிரவு, தரை கதகதவென்று சூடேற்றியிருந்த விடுதி அறையில் உட்கார்ந்து, அரிசி மதுவைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டு நெடுநேரம் இதைப் பற்றியே பேசினோம். ஊரைவிட்டுப் போனவர்கள் அதைக் கைவிட்டார்கள் என்று ஒருவர் வருத்தத்தோடு சொல்ல, பாட்டனார் ஊர்க்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. சேர்த்து வைத்த நெல் தீர்ந்து, வாற்கோதுமை இன்னும் விளையாத அந்த வசந்தகால மாதங்களில் தம் தந்தையார் பட்டினி கிடந்த கதையை அவர் சொன்னார். மாமியார் வீட்டில் விடியுமுன் எழுந்து நள்ளிரவு வரை உழைத்த தம் பாட்டி, தம் பெண்களில் ஒருத்தியையும் விவசாயிக்குக் கொடுப்பதில்லை என்று சபதம் செய்துகொண்டாராம். “ஓடிப்போகாதிருந்தால் நான் இன்று விடுமுறைக்கு இங்கே வந்திருப்பேனா?” என்று அவர் கேட்டதற்கு எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அவர் சொன்னது சத்தியம். 1960 இல் அந்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு முப்பது பேர்கூட நகரவாசிகள் இல்லை. இன்று எண்பது பேருக்கு மேல் நகரங்களில் இருக்கிறார்கள். நாட்டு ஜனத்தொகையில் பாதி சோலிலும் அதைச் சுற்றியும் வசிக்கிறது. 1970 இல் அரசாங்கம் தொடங்கிய புதுக்கிராம இயக்கம் வைக்கோற் கூரைகளை மாற்றிற்று, சாலை போட்டது. போட்ட சாலை வழியே இளைஞர்கள் வெளியேறினார்கள். கப்பலும் இரும்பும் மோட்டாரும் செய்யும் தொழிற்சாலைகளில் அவர்கள் சிந்திய வியர்வையால் தேசம் செல்வம் பெற்றது. 2023 ஆம் ஆண்டுக் கணக்கின்படி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். ஆகவே, நகரவாசிக்கு நீண்ட வாரக்கடைசியைக் கொடுத்த செழிப்பும், அவன் அந்த வாரக்கடைசியில் போய் ரசிக்கிற நிசப்தமும் ஒரே காரணத்திலிருந்து பிறந்த இரண்டு காரியங்கள். கிராமத்துக்கு அந்த நிசப்தம் புராதனச் சொத்து அன்று. கிணற்றடியும் களமும் பள்ளிக்கூடமும் கூச்சலால் நிரம்பியிருந்த இடம் அது.

அப்படியானால் நாம் அதை ரசிப்பது பாவமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலையும் நதியும் நெற்பயிரும் மனிதனைத் தேற்றும் வல்லமை உடையவை. களைத்தவன் அவற்றிடம் போவது இயற்கை. ஆனால் ஒருவன் ஒரு கிராமத்தை நேசிக்கிறானா, அது தனக்குத் தரும் இன்பத்தை மட்டும் நேசிக்கிறானா என்று அறிய ஒரு பரீட்சை உண்டு என்று நினைக்கிறேன். நாளைக்கே அந்த ஊருக்கு முப்பது குடும்பங்கள் திரும்பி வந்து, வயலின் நடுவே கண்ணை உறுத்தும், பயிர் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களை எழுப்பி, டிராக்டர் ஓட்டி, குழந்தைகள் கத்தி, நம் மனத்துக்குப் பிடித்த சௌந்தரியம் பாதி குலைந்து போகுமானால், அதைக் கண்டு அவன் சந்தோஷப்படுவானா? சந்தோஷப்படுகிறவனுடைய நேசமே நேசம். ஊர் மாறாமல் இருக்க வேண்டும் என்று வேண்டுகிறவன், அறியாமலே, அது மெல்ல அழிய வேண்டும் என்று வேண்டுகிறான். இதை எழுதுகையில் சிறிது கடுமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பிறகு இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அந்த நிசப்தத்தின் மற்றொரு முகத்தை 2025 மார்ச்சில் உலகம் கண்டது. 22 ஆம் தேதி உய்சொங்கில் மூண்ட காட்டுத்தீ கடுங்காற்றில் பரவி, அந்தோங், சொங்சொங், யொங்யாங் வழியாகக் கடற்கரையிலுள்ள யொங்தொக் வரை சில தினங்களில் சென்றது. 681 இல் தோன்றிய கோஉன்சா கோயிலின் பெரும்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. ஹாஹ்வேயின் வைக்கோற் கூரைகளையும் ப்யொங்சான் மண்டபத்தையும் தீயணைப்போர் இரவும் பகலும் நீரைப் பாய்ச்சிக் காத்தார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். விரைந்து ஓட இயலாதவர்களும் இருட்டில் கைபிடித்து அழைத்துப்போகப் பக்கத்தில் ஆளில்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல், ஆளற்ற தெருவின் அழகைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு மிளகாய் வாரிய அந்தக் கைகளே நினைவுக்கு வருகின்றன.

செய்யக்கூடியது எதுவும் இல்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். சொச்சொன் மாவட்டத்தில் 2013 முதல், பேருந்து வராத ஊர் முதியவர்கள் நூறு வொன் என்னும் சொற்பக் காசு கொடுத்து டாக்ஸியில் ஏறிச் சந்தைக்கும் வைத்தியரிடமும் போய்வர ஏற்பாடு செய்தார்கள். அந்த யோசனை பல மாவட்டங்களுக்குப் பரவியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் வியட்நாமிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோஸிலிருந்தும் வரும் தொழிலாளர்கள் ஆப்பிள் தோட்டங்களிலும் மிளகாய் வயல்களிலும் வேலை செய்கிறார்கள். அந்நியர் என்று ஒதுக்காமல் அவர்களை ஊராராக நடத்தும் கிராமம் எதுவோ அதுதான் பிழைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கொரியாவில் வசிக்கும், அல்லது அங்கே போகக் கருதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீண்ட விடுமுறை கிடைத்தால் சோலின் சொங்ந்யாங்நி நிலையத்தில் ரயில் ஏறுங்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்தோங் வந்துவிடும். அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்தில் போங்கள். ஐந்து நாளைக்கு ஒரு தடவை கூடும் சந்தைகள் எந்தத் தேதியில் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போய், தரையில் கூடை வைத்து விற்கும் பாட்டிகளிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். தீ எரித்த தோட்டங்களில் புதிய ஆப்பிள் கன்றுகள் காய்ப்புக்கு வரச் சில வருஷம் பிடிக்கும். அதுவரையில் தப்பிய மரங்களின் பழமாவது விற்க வேண்டும். ஓர் இரவாவது ஊரிலே தங்குங்கள், குழந்தைகள் இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள். அவர்கள் தெருவில் ஓடிச் சத்தம் போட்டால் அடக்காதீர்கள்.