மண்ணுக்குள் போன தூர்

அண்ணா சாலையின் இரைச்சலை விட்டு இரண்டு தெரு உள்ளே போனால், தேனாம்பேட்டையின் பழைய வீடுகளில் இன்னும் கொல்லைப்புறம் மிஞ்சியிருக்கிறது. ஒரு வேம்பு, ஒரு மா, மதிலை ஒட்டி ஒன்றிரண்டு தென்னை. அந்த மரங்களுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறோம். நிழலும் பூவும் காயும் மேலே இருப்பதால் கண்ணும் அங்கேயே போகிறது.

அங்கே தெரிகிற பயங்கரங்களில் பல, மரத்தைக் கொல்வதில்லை. சில ஆண்டுகளாக மழைக்காலத்தை ஒட்டித் தமிழ்நாடு எங்கும் வேம்பின் நுனிக்கிளைகள் தீய்ந்ததுபோல் கருகுகின்றன. தேயிலைக் கொசு என்ற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை அது. பட்டுப்போய்விட்டது என்று வெட்டியவர்கள் உண்டு. விட்டுவைத்த இடங்களில் பெரும்பாலான மரங்கள் கோடையில் துளிர்த்துவிட்டன. தென்னையிலும் இதே கதைதான். 2016-இல் நம் நாட்டில் முதலில் பொள்ளாச்சிப் பக்கம் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ சென்னைக்கும் வந்து, மட்டைகளின் மேல் கரி பூசியதுபோல் கறுப்பு படிய வைத்தது. பார்க்க மனம் கலங்கும்; ஆனால் தென்னை அதைத் தாங்கிக்கொள்ளும்.

கவலைப்பட வேண்டியவை சத்தமில்லாமல் வருகின்றன. இலை பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் போன ஆண்டைவிடச் சிறுத்திருக்கும். ஒரு முழம் நீளவேண்டிய கொழுந்து நான்கு விரலோடு நின்றுவிடும். கிளைகளுக்கு நடுவே முன்பு தெரியாத வானம் தெரியும். அடிமரத்தில் பிசினோ பழுப்பு நீரோ கசியும். தூரில் மரத்தூள் கொட்டிக் கிடக்கும், காளான் முளைக்கும். மாமரம் சில சமயம் வழக்கத்தை மீறிக் காய்த்துத் தள்ளும். அந்த ஆண்டு தெருவுக்கே பழம் போகும். ஆனால் காய்க்காத மாவின் கிளையில் பட்டையை வளையமாகக் கீறிப் பூக்க வைக்கும் பழக்கம் தோட்டக்காரர்களிடம் உண்டு. இலை சமைத்த உணவு வேருக்கு இறங்க வழியின்றி மேலேயே தங்கிப் பூவாகிறது. அடிமரத்துப் பட்டை அழுகினாலும் இதுவே நடக்கலாம். திடீரென்று கொட்டிக் கொடுக்கிற மரத்தைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சியைவிடப் பதற்றமே முந்துகிறது.

எனவே கீழே பார்க்கலாம். நலமாக உள்ள பெரிய மரம் மண்ணைத் தொடும் இடத்தில் அகன்று, வேர்கள் நாலா பக்கமும் புடைத்து இறங்கும். நம் பகுதியில் பல மரங்கள் விளக்குக் கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் போகின்றன. அந்த அகன்ற தூர் எங்கே போனது?

சென்னையில் சாலையைப் புதுப்பிப்பது என்றால் பழைய தார்மேல் புதுத் தாரைப் போடுவதாகவே நெடுங்காலம் இருந்தது. சாலை உயர உயர வீடுகள் பள்ளத்தில் இறங்கின. 2015 டிசம்பர் வெள்ளம் உள்ளே புகுந்த பிறகு, அதுவரை தாக்குப்பிடித்த வீடுகளும் ரப்பிஷ் கொட்டி லெவல் ஏற்றின. பழைய பரப்பைச் சுரண்டிவிட்டே சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு வலியுறுத்தினார். அதற்குள் எத்தனையோ கொல்லைகள் மேடாகிவிட்டன. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள், காற்றை நம்பி இருக்கிறது. அதன்மேல் இரண்டடி செங்கல் தூளும் சிமென்ட் தரையும் ஏறினால் வேர் மூச்சு முட்டும். ஈரம் படவே கூடாத அடிமரத்துப் பட்டை மண்ணுக்குள் ஊறும்.

மரம் உடனே சாய்வதில்லை. சேமிப்பைத் தின்றபடி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். இலை சிறுத்து நம் கண்ணில் படும்போது ரப்பிஷ் லாரி வந்து போனதை வீடே மறந்திருக்கும். பூச்சி மருந்து தேடிப் போவோம். ஆனால் உள்ளே அழுகிய இடத்தை எந்த மருந்தும் திருப்பித் தராது. அமெரிக்க வனத்துறையில் பல்லாயிரம் மரங்களை அறுத்துப் பார்த்த அலெக்ஸ் ஷைகோ கண்டது இது: மரம் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிலும் சுவரெழுப்பி அடைக்கிறது. அடைத்தது ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும். மற்ற மரங்களில் காயத்தின்மேல் வளர்ந்து மூடும் புதுப்பட்டையும் தென்னைக்குக் கிடையாது. ஏறுவதற்கு வெட்டிய படி கடைசிவரை வெட்டாகவே நிற்கும்.

இதையெல்லாம் சேர்த்து யோசித்தால், நாம் முதல் அறிகுறி என்று சொல்வது மரத்துக்கு வெகு தாமதமான அறிகுறி. உண்மையான முதல் அறிகுறி மரத்தில் தெரிவதே இல்லை. வாசலில் மண் லாரி வந்து நிற்கிறதே, அதுதான். அன்றைக்கு மேஸ்திரியிடம், மரத்தைச் சுற்றி மட்டும் கொட்டாதீர்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

சொல்லாமல் விட்ட வீடுகளில் இன்றும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடப்பாரை வேண்டாம், கையும் சிறு கொத்தும் போதும். தூரை ஒட்டிய மண்ணை, அடிமரம் அகலத் தொடங்கும் இடம் தெரியும்வரை மெல்ல எடுத்துவிட்டு, மழைநீர் தேங்காமல் வழிய வழி விடவேண்டும். தண்ணீரைத் தூரில் ஊற்றாமல் கிளை நிழல் முடிகிற இடத்தில் விடலாம். சிமென்ட் தரை இருந்தால் கூடியவரை பெயர்த்துவிடலாம். பலன் அடுத்த மாதமே தெரியாது. பங்குனிக் கொழுந்தின் நீளத்தை ஆண்டுதோறும் அளந்து வந்தால், இரண்டு மூன்று ஆண்டில் தெரியும்.