கப்பலின் வினை

கறம்பக்குடியிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. தென்னையும் முந்திரியும்தான் தெரியும். ஆயினும், 1948-இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அக்கரைச் சீமையின் கூலியையும் வியாபாரத்தையும் நம்பிப் பழகிவிட்ட இவ்வட்டாரத்தில், எங்கோ ஒரு தேசத்தின் சந்தை சரிந்தால் அது பணம் வருவது நின்றுபோன வீட்டின் அடுப்பங்கரையில் வந்து தெரியும். அவ்வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள், கோவில் தெருவானால் ‘தலையெழுத்து’ என்பார்கள். பள்ளிவாசல் தெருவானால் ‘நசீபு’ என்பார்கள். ஆறுதலாகச் சொல்வதை நான் பழிக்கவில்லை. ஆனால் உலக வாணிகத்தின் வீழ்ச்சியால் ஒருவனுக்கு வந்த பசியை அவனுடைய பூர்வகர்மத்தின் பேரில் எழுதிவிடலாமா என்பது விசாரிக்க வேண்டிய விஷயம்.

1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தது. மோட்டார் வாங்குவோர் குறைந்தனர்; டயருக்குத் தேவை குறைந்தது; ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று; நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவில் பால்மரம் வெட்டப் போன தமிழர்கள் வேண்டாதவர்களாயினர். 1930-இல் ஆள்சேர்ப்பு நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் லட்சத்துக்கு மேற்பட்டோர், தங்களை ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல்களின் திறந்த தட்டிலேயே தகரப்பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தனர். இத்தனை பேருடைய பிராரப்தமும் ஒரே பருவத்தில் பழுத்ததென்று சொல்ல மிகுந்த தைரியம் வேண்டும்.

2008-இல் இத்தகைய சரிவு இன்னும் விரைவாக நடந்தது. இரும்புத்தாதும் நிலக்கரியும் தானியமும் ஏற்றும் கப்பல்களின் வாடகையைக் காட்டும் பால்டிக் குறியீட்டெண் மே 20 அன்று 11,793. டிசம்பர் 5 அன்று 663. சரக்கின் விலைக்கு ஒரு வங்கி தரும் உறுதிக் கடிதத்தை மற்றொரு வங்கி நம்பாத நிலை வந்ததும், நாளொன்றுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஈட்டிய பெருங்கப்பல்கள் சில ஆயிரத்துக்கும் ஆளின்றி நின்றன. இத்தகைய மந்தங்களில் நொடித்துப்போன முதலாளிகளில் சிலர், கப்பலை மாலுமிகளோடு சேர்த்து நங்கூரமிட்ட இடத்திலேயே கைவிட்டுவிடுவதுண்டு. ஆளில்லாக் கப்பல் மற்றக் கப்பல்களுக்கு ஆபத்து என்பதால் துறைமுகத்தார் அந்த மாலுமிகளை எளிதில் இறங்க விடமாட்டார்கள். டீசல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றால், குளிரறையிலுள்ள இறைச்சி அழுகும். மழைத் தண்ணீரைத் தார்ப்பாயில் பிடிக்க வேண்டும். இரவில் கரையின் விளக்குகள் மட்டும் நன்றாகத் தெரியும். ஊரிலோ, வேலை வாங்கிக் கொடுத்த ஏஜெண்டுக்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

கன்மத்தைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என மூன்றாக வகுத்த சைவ சித்தாந்திகள், முன்பு குவிந்ததையும் அதிலிருந்து இப்போது அனுபவத்துக்கு வந்ததையும் சொன்னதோடு நில்லாமல், இந்தக் கணத்துச் செய்கையால் புதிதாக ஏறுவதையும் சொன்னார்கள். நம் பிரசங்கிகளோ மாலுமியின் பட்டினி பிராரப்தம் என்று காட்டிவிட்டு மங்களம் பாடிவிடுகிறார்கள். அவனைக் கைவிட்டுப் போனவனுக்கு ஏறும் ஆகாமியத்தைப் பற்றி மூச்சுவிடுவதில்லை. ‘மணிமேகலை’ ஆசிரியர் இப்படிப் பாதியில் நிறுத்தியவரல்லர். கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையில் கரையேறிய சாதுவன், அங்கே தன்னைத் தின்ன நினைத்தவர்களின் தலைவனுக்கு வினையின் இயல்பை விளக்கியதோடு விடவில்லை. கலம் கவிழ்ந்து கரைசேரும் மனிதரைக் கொல்லக் கூடாதென்றும் சொல்லிவிட்டே வந்தான். கரையொதுங்குவது அவர்கள் விதியாகவே இருக்கட்டும். தின்பது நாகனின் செயல் அல்லவா?

இக்காலத்து நாகன் யார் என்பதில்தான் சிக்கல். வினை ஆன்மாவைப் பற்றும். கம்பெனிக்கு ஆன்மா கிடையாது. முதலாளி ஒரு நாட்டில், கொடி மற்றொரு நாட்டில், கடன் கொடுத்த வங்கி மூன்றாவது நாட்டில். கப்பல் கைமாறி, பெயரை அழித்து வேறு பெயர் எழுதிக்கொண்டு புறப்பட்டுவிடும்; பழவினை தொடராத மறுபிறவி சிருஷ்டியிலேயே இதற்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது என்று தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த இடத்தில் சாஸ்திரிகளைவிடச் சட்டக்காரர்கள் கன்மக் கொள்கையை நன்றாக உணர்ந்திருக்கிறார்கள். இந்தியாவின் 2017-ஆம் ஆண்டுக் கடல்சார் உரிமைச் சட்டப்படி, மாலுமியின் கூலிப் பாக்கி முதலாளியை மட்டுமன்று, கப்பலின் உடலையே பற்றும். உரிமையாளர் மாறினாலும், கொடி மாறினாலும் அது விடாது. மற்றக் கடல்சார் பற்றுரிமைகளுக்கெல்லாம் அதுவே முந்தியது. அக்கப்பல் தமிழகக் கடலெல்லைக்குள் வந்தால் சென்னை உயர்நீதிமன்றம் அதைக் கைது செய்யலாம். ஆனால் இந்த வினைக்கு ஆயுள் இரண்டே ஆண்டு. அதற்குள் கைது நிகழ வேண்டும். ஆகவே ‘நசீபு’ என்று சொல்லி வாசலில் செருப்பைத் தேடுகிறவர்கள், சற்றே நின்று, கப்பலில் சிக்கிய பையனுடைய வேலை ஒப்பந்தத்தையும் கப்பலின் பதிவெண்ணையும் கேட்டு வாங்கி, அவனுக்காக ஒரு வக்கீலையும் பார்த்துவிட்டால், விதிக்கு அதில் மனவருத்தம் இராது.