ஆவணமற்றவருக்காகப் பேசும் நாவு – ஜும்ஆ உரை



மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்களில் சிலர் ஹபஷாவுக்கு ஹிஜ்ரத் சென்றார்கள். அவர்களைத் திருப்பி அழைத்து வர, குறைஷிகள் மன்னர் நஜ்ஜாஷிக்கு அன்பளிப்புகளுடன் ஆட்களை அனுப்பினார்கள். அன்று அரசவையில் எழுந்து நின்று, அகதிகளின் நிலையை எடுத்துச் சொன்னவர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள். வயதிலோ இளைஞர், ஆனால் தெளிவாகப் பேசினார்கள். மன்னர் அந்த மக்களை ஒப்படைக்க மறுத்தார். அன்பளிப்புகளையும் திருப்பிக் கொடுத்தார்.

சகோதரர்களே, நம் மதுரையைச் சுற்றி ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 1983 கலவரத்திற்குப் பின் வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே வாழ்கிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்தும் பலருக்குக் குடியுரிமை இல்லை. ஆனால் 1.7.1987க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன் என்கிறது குடியுரிமைச் சட்டம். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு சகோதரிக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 2022இல் நம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்கு அதை வழங்க உத்தரவிட்டது. ஒரு பிறப்புச் சான்றிதழ் ஒரு வாழ்க்கையையே மாற்றியது.

அந்தச் சான்றிதழைத் தேடி எடுக்க யார் இருக்கிறார்கள்? இங்கே சட்டக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாணவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அது வழக்கறிஞரின் பணி. ஆனால் ஆவணங்களைச் சேகரிக்கலாம், மனு எழுத உதவலாம், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலேயே அங்கே இலவச சட்ட உதவி உண்டு.

இளைஞர்களே, மூன்று விஷயங்களில் பேணுதலாக இருங்கள். கைநீட்டிக் காசு வாங்காதீர்கள். கிடைக்குமா என்று தெரியாததைக் கிடைக்கும் என்று சொல்லாதீர்கள். அவர்கள் காட்டும் காகிதமும் சொல்லும் கஷ்டமும் உங்களிடம் அமானிதம்.

பெற்றோர்களே, சனிக்கிழமை அரைநாளை இதற்கு விட்டுக்கொடுங்கள். அங்கிருப்போரில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சார்ந்தவர்கள் அல்லர். நஜ்ஜாஷியும் அன்று நம் மார்க்கத்தில் இருக்கவில்லை. ஆனாலும் அடைக்கலம் தந்தார். அந்தக் கடன் இன்னும் நம் மீது இருக்கிறது.

அநீதம் செய்யப்பட்டவருக்காக நம் பிள்ளைகளின் நாவைப் பயன்படுத்துவாயாக, யா அல்லாஹ்! ஆமீன்.