நாலாவது ஆள்

திருக்கோவிலூர்க் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழை இரவு. இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வாரும் வர, மூவரும் எழுந்து நின்றார்கள். நாலாவதாக யாரோ வந்து நெருக்கினார். பெருமாள்.

மார்கழி உபன்யாசத்தில் இதைச் சொல்லிவிட்டு, “நெருக்கத்தில்தான் பகவான் வருவான், மனசில் இடமிருந்தால் போதும்” என்பார்கள். (மண்டபத்தில் நாற்காலி, மின்விசிறி எல்லாம் தாராளமாகப் போட்டிருக்கும்.) எனக்கு அந்த வாக்கியம் இறங்குவதில்லை. நான் மேற்குத் தாம்பரத்தில் லைன் வீட்டில் வளர்ந்தவள். பத்துக்குப் பத்து அறை, ஆறு பேர், ஐந்து குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். அண்ணனுக்குக் கல்யாணமானதும் அப்பா பாயை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். மழை வந்தால் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்தபடியே தூங்குவார். நானும் அம்மாவும் தம்பியும் அடுப்புப் பக்கம். நடுவில் ஒரு பழம்புடவைத் திரை. நான் தாவணி மாற்றவேண்டுமென்றால் ஆண்கள் தெருவில் நிற்பார்கள். அண்ணி வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. அதற்கும் இடம் வேண்டுமே. அந்த வீட்டில் தனி இடம் இருந்தது மாடத்து முருகனுக்கு மட்டும்தான்.

ஆழ்வார்கள் துறவிகள். ஓர் இரவு நின்றார்கள், விடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போகலாம். எங்களுக்கு விடிந்தால் குடத்தோடு வரிசை. இடம் இருக்கிறவன் நகர்ந்து கொடுப்பது தர்மம், ஒப்புக்கொள்கிறேன். நகரவே வழியில்லாதவனிடம் அதைப் பக்தி என்று சொல்வது என்ன நியாயம்?

ஐ.நா.வின் வாழ்விட அமைப்பும் ஓர் அறைக்கு மூன்று பேர் என்றுதான் கோடு போடுகிறது. நாலாவது ஆள் வந்தால் நெரிசல். திருக்கோவிலூரில் அது பெருமாள். எங்கள் வீட்டில் அந்தக் கோட்டை முன்பே தாண்டியிருந்தோம்; அதற்கு மேலும் வந்தது அண்ணி, பிறகு அவள் குழந்தை.

ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணச் சொன்னார் அண்ணா. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் அதையே தன் முழக்கமாக எடுத்துக்கொண்டது. அந்த வாரியம் கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகளில் பல, 200 சதுர அடிகூட இல்லை. பெரும்பாக்கத்து எட்டு மாடி வீடுகள் சற்றுப் பெரியவை. அங்கும் மகனுக்குக் கல்யாணமானால் திரைதான்.

கும்பிடுவதற்குத் தனியறை தேவையில்லைதான். தாம்பத்தியத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் நோய்க்கும் தேவை. உபன்யாசம் செய்கிற பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த மார்கழியில் இந்தக் கதையைப் பெரும்பாக்கத்தில் ஏதாவது ஒரு பிளாக்கில் வந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அங்கேயே யார் வீட்டிலாவது ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள்.